நூற்றுக்கு நூறு வருகை

அந்த வீட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே கல்லூரி, ஒரே படிப்பு, ஒரே வகுப்பு. ஆனால் வகுப்புக்குப் போனது என்னவோ ஒருத்திதான். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் டீச்சர். பாடம் நடத்துகிற வேலைக்குப் படித்தவள் என்பதால் அல்ல. தொட்டியில் ஒரு தட்டு கழுவாமல் கிடந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இது யாரோடது?" என்று கேட்கிற தோரணைக்காக வைத்த பெயர். கேட்பாளே தவிர, கழுவ மாட்டாள்.

மற்ற மூவரைப் பற்றி டீச்சருக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. படிக்கிறேன் என்று சொல்லிக் கடல் தாண்டி வந்துவிட்டு, வந்த இடத்தில் கூலிக்கு நிற்கிறவர்கள் என்று அவர்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள்.

முதலாமவள் மேனேஜர். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். யார் என்றைக்குச் சமைப்பது, யார் பாத்ரூம் கழுவுவது, யார் குப்பையைக் கீழே கொண்டுபோவது என்று நான்கு நிறப் பேனாவில் அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். "நாட்டையே ஆள வேண்டியவம்மா, பாவம், பிஸ்கட் பாக்கெட்டுக்கு பில் போட்டுக்கிட்டு இருக்கா" என்று டீச்சர் தன் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாமவள் மகாராணி. விடிவதற்கு வெகுநேரம் முன்னால் எழுந்து பேக்கரிக்கு மாவு பிசையப் போவாள். காலை எட்டு மணிக்குத் தலைமுடியெல்லாம் மாவோடு வந்து, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் விழுந்தால் மத்தியானம் வரை அசைய மாட்டாள். டீச்சர் எழுந்திருக்கும்போது பேக்கரி நேரம் முடிந்து தூங்கும் நேரம் தொடங்கியிருக்கும். ஆகவே அவள் கண்ணில் பட்டது தூக்கம் மட்டும்தான். பெயர் வைத்தவளும் அவள்தான்.

மூன்றாமவள் அக்கா. வயது முப்பத்தைந்து. ஏழு வயதுப் பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டு, வேலை போய் வீட்டோடு இருக்கும் கணவனிடம் ரெண்டே வருஷம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். கல்லூரிக்குப் பின் தெருவில் இருந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. டீச்சருக்கு மற்ற இருவர் மேல் இளக்காரம் என்றால், அக்கா மேல் கொஞ்சம் அருவருப்பே இருந்தது. பினாயில் வாசனையோடு வந்து பக்கத்தில் உட்காருகிறாள், தாய்மொழியைத் தவிர எதைப் பேசினாலும் கடித்துத் துப்புகிறாள், இந்த வயதில் இவளுக்கு என்ன படிப்பு?

ஒருநாள் நேராகவே கேட்டும் விட்டாள். "ஏன்க்கா, பெட்ஷீட் மாத்துறதுக்கு நம்ம ஊர்ல ஹோட்டலே இல்லையா?"

"இருக்குடி. ஆனா பெட்ஷீட் இவ்வளவு வெள்ளையா இருக்காது" என்றாள் அக்கா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சருக்குத் தன்னைக் கிண்டல் செய்தார்களா இல்லையா என்பது கடைசி வரை பிடிபடவில்லை.

படிக்க வந்தவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. நூற்றுக்கு எண்பது வகுப்பாவது வந்திருக்க வேண்டும். குறைந்தால் முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம். மறுபடி ஏதாவது கோளாறு என்றால் விசா போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் பருவத்திலேயே அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்துவிட்டது. ஹோட்டலில் ஆட்கள் கிளம்பிப் போனபின் அறை சுத்தம் செய்வது காலையில்தான், வகுப்பும் காலையில்தான். மற்ற இருவரும் எப்படியோ எண்பதைத் தொட்டுத் தப்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் மேனேஜரின் மூளை வேலை செய்தது. வகுப்பறைக் கதவுக்கு வெளியே சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி இருக்கும். மாணவர் அடையாள அட்டையை அதில் காட்டினால் பச்சை விளக்கு எரியும், டிக் என்று சத்தம் வரும், வருகை பதிவாகிவிடும். அட்டையைக் காட்டுவது யார் என்று கருவி பார்க்காது. ஊரில் கல்லூரியில் வராதவர்கள் பெயருக்கும் குரல் மாற்றி 'பிரசண்ட்' சொல்லி ப்ராக்ஸி கொடுத்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சர் எப்படியும் தினம் போறா. நம்ம கார்டையும் கொண்டுபோய்க் காட்டட்டும். அதுக்குப் பதிலா அவளுக்கு வீட்டுல ஒரு வேலையும் கிடையாது. சமையல் இல்ல, பாத்திரம் இல்ல, குப்பை இல்ல. என்ன சொல்றீங்க?"

"ஜன்னலோரக் கட்டில் எனக்கு வேணும்" என்றாள் டீச்சர்.

ஜன்னலோரக் கட்டில் அக்காவுடையது. அன்றைக்கே அக்கா தன் தலையணையையும் பெண்ணின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு கதவோரக் கட்டிலுக்கு மாறினாள். ஃப்ரிட்ஜ் அட்டவணையில் டீச்சரின் கட்டங்கள் எல்லாவற்றிலும் சிவப்புப் பேனாவில் 'வகுப்பு' என்று எழுதப்பட்டது. சமைத்ததைச் சாப்பிட்டு, கழுவிய தட்டில் சாப்பிட்டு, ஜன்னல் வழியே மரம் பார்த்துக்கொண்டு, டீச்சர் இதற்கு மனதுக்குள் வைத்த பெயர் தர்மம். இவர்களுக்குத் தான் பிச்சை போடுவதாகவே அவள் நினைத்தாள்.

சரி, வகுப்பில் அவள் என்ன கிழித்தாள் என்று பார்த்தால் அதுவும் சொல்லும்படி இல்லை. முதல் வரிசையில் நடு இருக்கை. பேராசிரியை பேசுகிற வேகத்தில் பாதி புரியாது. புரியாத பாதிக்கும் தலையாட்டுவாள். பின்வரிசையில் காலைத் தூக்கி முன் நாற்காலியில் போட்டுக்கொண்டு சிப்ஸ் தின்கிறவர்களைப் பார்த்து, ஒழுக்கம் என்றால் கிலோ என்ன விலை என்று முணுமுணுப்பாள். குழுவாகச் செய்ய வேண்டிய வேலைக்கு அவளை நான்கு பேரோடு போட்டார்கள். அந்த நால்வரும் தங்களுக்குள் ஒரு வாட்ஸப் குழு வைத்துக்கொண்டு இவளைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். நினைவூட்ட இவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மத்தியானம் மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறப்பாள். முட்டையும் சோறும் ஆறிப்போயிருக்கும். 'சூடு ஆறாத ஒரு டப்பா வாங்கிக் கொடுக்கத் தெரியுதா இதுங்களுக்கு' என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவாள்.

அந்தக் கட்டடத்தில் தினமும் அவளுக்குக் காலை வணக்கம் சொன்ன ஒரே ஆள், வாசலில் நிற்கும் காவலாளி. ஐம்பது வயதுக்காரர், எப்போதும் மஞ்சள் நிற மேல்சட்டை. அவருக்கு அவள் பதில் சொன்னதில்லை. வாட்ச்மேனுக்கெல்லாம் வணக்கம் சொல்லவா அப்பா இவ்வளவு தூரம் அனுப்பினார்?

அப்பாவோ ஊரில் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா, சித்தி, அத்தை, அத்தையின் சம்பந்தி வரை இருந்த குடும்பக் குழுவில் வாரம் ஒருமுறை எழுதுவார்: என் பெண் ஒருநாள்கூட வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. அது உண்மையும்கூட. அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் கவலை. வீடியோ அழைப்பில் பின்னால் அக்கா நடமாடுவதைப் பார்த்தால், "கொஞ்சம் அந்த அக்காகிட்ட குடும்மா" என்பாள். இருவரும் என்னத்தைத்தான் பேசுவார்களோ, பத்து நிமிஷம் ஓடிவிடும். டீச்சர் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஆரம்பத்தில் டீச்சர் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தாள். உள்ளே போகும்போது ஒரு அட்டை, தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது ஒன்று, கூட்டத்தோடு கூட்டமாக இன்னொன்று என்று தவணை முறையில் காட்டினாள். போகப்போக அலுத்துவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நடைபாதை காலியாகக் கிடந்தது. பென்சில் பையைத் திறந்து நான்கு அட்டைகளையும் சீட்டுக்கட்டைப் போல விரித்துப் பிடித்தாள். டிக், டிக், டிக், டிக். உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

பத்தரை மணிக்கு அபாய மணி அடித்தது.

சும்மா ஒத்திகையாக இருக்கும் என்று எல்லோரும் சோம்பலோடு எழுந்தார்கள். நடைபாதைக்கு வந்ததும் புகை வாசனை. இரண்டாம் மாடிச் சமையல் மேடையில் எவனோ மைக்ரோவேவில் எதையோ வைத்துவிட்டு மறந்து போயிருக்கிறான். அது எரிந்து, பக்கத்துத் திரைச்சீலை பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் கண் எரிந்தது. ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் எல்லோரும் இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துப் புல்தரையில் கூடினார்கள். டீச்சர் பென்சில் பையை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள்.

வாசலில் நிற்கும் அந்த மஞ்சள் சட்டைக்காரர் கையில் ஒரு டேப்லெட்டோடு முன்னால் வந்து நின்றார். கதவுக் கருவிகளில் பதிவான பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. வகுப்பு வகுப்பாக வாசித்தார். பெயர் வந்தவர்கள் கையைத் தூக்கிவிட்டு வலது பக்கம் போய் நிற்க வேண்டும்.

டீச்சர் பென்சில் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். வருகைப்பதிவு பேராசிரியையின் கணினிக்குப் போகிறது என்றுதான் மூன்று மாதமாக நினைத்திருந்தாள். தீப்பிடித்தால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதும் அதே பட்டியல்தான் என்பது அவள் புத்திக்கு எட்டியதே இல்லை.

அவள் பெயர் வந்தது. கையைத் தூக்கினாள். வலது பக்கம் போவதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது. மகாராணியுடையது. அவர் அதைத் துண்டு துண்டாக உடைத்து வாசித்தார். டீச்சரின் வாய் அவளைக் கேட்காமலே திறந்து, கீச்சுக்குரலில், "பிரசண்ட்!" என்றது.

ஊரில் கல்லூரியில் அவளால் நான்கு குரல் கொடுக்க முடியும். அங்கே வாத்தியார் நோட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். இந்த மனிதர் தூக்கினார்.

யார் அது, கையைத் தூக்குங்கள் என்றார். ஒரு கையும் எழவில்லை. மறுபடி கேட்டார். முந்நூறு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள். அவர் திரையில் ஏதோ குறித்துக்கொண்டு மேனேஜரின் பெயரை வாசித்தார். பதில் இல்லை. அக்காவின் பெயரை வாசித்தார். பதில் இல்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை, குரலை உயர்த்தி வாசித்தார். பிறகு அவர் முகம் மாறிப்போயிற்று. அப்போதுதான் வந்து நின்ற தீயணைப்பு வண்டியை நோக்கி ஓடினார்.

உள்ளே மூன்று பெண்கள் இருப்பதாக அவர் சொன்னது டீச்சரின் காதில் விழுந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர்களில் இருவர் முதுகில் காற்று உருளையை மாட்டினார்கள். ஒருவன் சின்ன வயது. மற்றவர் அவன் முகமூடியின் பட்டையைப் பின்னாலிருந்து இறுக்கி, தலையில் ஒரு தட்டுத் தட்டினார். இருவரும் உள்ளே போனார்கள். இரண்டாம் மாடி ஜன்னலில் புகை கருப்பாக வரத் தொடங்கியிருந்தது.

டீச்சர் மகாராணிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள். மேனேஜருக்குப் போட்டாள். போன் லாக்கரில் கிடக்கும், அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா எடுத்தாள்.

"அக்கா, காலேஜ்ல ஃபயர். லிஸ்ட் வச்சுப் பேரு கூப்பிடுறாங்க. உடனே கிளம்பி வாங்க. பின்பக்கமா வந்து கூட்டத்துல கலந்து நின்னுக்கோங்க. வேகமா வாங்கக்கா."

"எங்க பேரையா? நாங்க உள்ள இருக்கோம்னா நினைச்சுக்கிட்டு இருக்காங்க?"

"ஆமா. ரெண்டு பேரு தேடி உள்ள போயிருக்காங்க."

"புகைக்குள்ளயா?"

"ம்."

"அடிப்பாவி! போய்ச் சொல்லுடி மொதல்ல. உள்ள யாரும் இல்லன்னு சொல்லு. இப்பவே சொல்லு."

"சொன்னா என் கதி என்னக்கா ஆகும்?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

டீச்சர் மஞ்சள் சட்டைக்காரரை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தாள். அவர் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். அவர் முடித்ததும் வேறு யாரோ ஏதோ கேட்டார்கள். அதுவும் முடியட்டும் என்று நின்றாள். விசா, அப்பா, குடும்பக் குழு, அத்தையின் சம்பந்தி எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். உள்ளே போன இருவர் மட்டும் நினைவுக்கு வராதபடி அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு பின்னால் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டாள். வலது பக்கம், வந்தவர்களின் கூட்டத்தில்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். தெருமுனையில் அக்கா தெரிந்தாள். நீலநிற வேலைச் சட்டை, இடுப்பில் ஏப்ரன், ஒரு கையில் ரப்பர் உறை அப்படியே இருந்தது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஓடி வந்தாள். பின்பக்கமாக வரவில்லை, கூட்டத்தில் கலக்கவில்லை. நடுப்புல்தரையைக் குறுக்கே கடந்து நேராக மஞ்சள் சட்டைக்காரரிடம் போய், அவர் பேசிக்கொண்டிருந்த வாக்கிடாக்கியை உறை போட்ட கையால் பிடித்துக்கொண்டாள். டீச்சர் எத்தனையோ முறை திருத்திக் கேலி செய்த அந்த உடைந்த பேச்சில், முந்நூறு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: நான்தான் அது. நான் உள்ளே இல்லை. மற்ற இருவரும் இல்லை. உள்ளே போனவர்களைக் கூப்பிடுங்கள்.

அவர் கூப்பிட்டார். இருவரும் வெளியே வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. சின்ன வயதுக்காரன் புல்லில் உட்கார்ந்து முகமூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு இருமினான். இருமி இருமி, கடைசியில் வாந்தி எடுத்தான். மூன்று மாடிகளிலும் பெண்கள் கழிப்பறையைக் கதவு கதவாகத் தட்டிப் பார்த்திருக்கிறான். தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி அவன் கேட்ட முதல் கேள்வி, மூன்று பேரும் பத்திரமா என்பதுதான். பத்திரம் என்றார்கள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி இருமினான்.

மஞ்சள் சட்டைக்காரருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. உள்ளே வராதவர்களின் அட்டை எப்படிப் பதிவாயிற்று? யார் காட்டியது? அவர் பார்வை கூட்டத்தின் மேல் மெதுவாக ஊர்ந்தது. டீச்சர் பென்சில் பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது அவளுக்குக் கேட்டது.

நான்தான், என்றாள் அக்கா. காலையில் வேலைக்குப் போகும் வழியில் வந்து மூன்றையும் காட்டிவிட்டுப் போனேன். அவர்களுக்குத் தெரியாது, அட்டையை நானே எடுத்து வந்தேன். அட்டைகள் ஹோட்டலில் என் பையில் இருக்கின்றன, மத்தியானம் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

சொல்லும்போது அவள் டீச்சர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அரைமணி கழித்து, கார் நிறுத்துமிடத்தின் பின்சுவரோரம் அக்கா வந்து நின்று கையை நீட்டினாள்.

"கார்டைக் குடு."

"அக்கா, நான் வந்து..."

"குடுடி."

டீச்சர் பையின் ஜிப்பைத் திறந்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அக்காவே வாங்கி இழுத்துத் திறந்து, தனக்கு வேண்டிய மூன்றை எடுத்துக்கொண்டு, நான்காவதைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் சொல்லலாம்னுதான் போனேன்க்கா. அவரு யார்கிட்டயோ பேசிட்டு இருந்தாரு."

"ஆமா. உள்ள ரெண்டு பேரு மூச்சு முட்டி நம்மளத் தேடிக்கிட்டு இருந்தாங்க. நீ அவரு பேசி முடிக்கட்டும்னு மரியாதையா நின்ன. நல்ல வளர்ப்பு."

"ஏன்க்கா நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"எனக்கு ஏற்கெனவே லெட்டர் வந்தாச்சு. லிஸ்ட்ல பேரு இருக்கு, ஆளு தெருவுல இருந்து ஓடி வர்றேன். என்னை அனுப்புறதுக்கு அதுவே போதும். உன்னைக் காட்டிக் குடுத்தா நான் தப்பிச்சிடுவேனா? கூட நீயும் வருவ, அவ்வளவுதான். வழி பூரா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு யாரு உக்காந்து வர்றது?" ரப்பர் உறையை இப்போதுதான் கவனித்தவள் போலக் கழற்றி ஏப்ரனில் செருகினாள். "பெருசா தியாகம்னு எல்லாம் நினைச்சுக்காத. பொய்யி எல்லாரும் சேர்ந்து சொன்னதுதான். உங்கம்மா வேற போன் பண்ணும்போதெல்லாம் 'அவளைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா'ன்னு சொல்வாங்க. சரிங்கன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

டீச்சர் அழுதாள்.

"அழாத" என்றாள் அக்கா. "பார்க்கச் சகிக்கல."

ஆறுதலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குச் சகிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தட்டு கழுவாதவர்களைப் பார்த்து, தூங்குகிறவர்களைப் பார்த்து, பினாயில் வாசனையைப் பார்த்து டீச்சர் எத்தனையோ முறை காட்டிய முகம்தான் அது. தன் மேல் திரும்பும்போது அது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் அது இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் அவளுக்கே தன் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

மேனேஜருக்கும் மகாராணிக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜர் மாலை நேர வேலைக்கு மாறிக்கொண்டாள். மகாராணி பேக்கரியிலிருந்து நேராக வகுப்புக்கு வந்து, கடைசி வரிசையில் மாவோடு உட்கார்ந்து தூங்கினாள். தீயணைப்புக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க இருவரும் போனார்கள், டீச்சரைக் கூப்பிடவில்லை. அக்காவின் விசாவை ரத்து செய்து, ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் கெடு கொடுத்தார்கள்.

அக்கா கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. டாக்சி காலை பத்து மணிக்கு. அவள் பெட்டியை மேனேஜர் கட்டிக் கொடுத்தாள். மகாராணி குழந்தைக்கென்று ஒரு டப்பா நிறைய பிஸ்கட் செய்து எடுத்து வந்திருந்தாள். தூங்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு. பையை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒருநாள் போகாவிட்டால் தலை ஒன்றும் போய்விடாது. ஆனால் அதுவரை நூற்றுக்கு நூறு இருந்தது.

"அக்கா, எனக்கு கிளாஸ் இருக்கு..."

"போ" என்றாள் அக்கா, பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே. "உன் வேலையைப் பாரு."

அவள் போனாள். அக்காவுக்கும் தான் நன்றாகப் படிப்பதுதான் பிடிக்கும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் மஞ்சள் சட்டைக்காரர் காலை வணக்கம் சொன்னார். முதல் தடவையாக அவள் பதில் வணக்கம் சொன்னாள், ரொம்பப் பணிவாக.

பருவம் முடிந்ததும் கல்லூரியில் ஒரு சின்ன விழா வைத்து, ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் வகுப்பில் அது ஒருத்திக்குத்தான். முந்தைய அமளிக்குப் பிறகு இப்படி ஒரு முன்னுதாரணம் தேவைப்பட்டிருக்கும் போல. மேடையில் நிறுத்திக் கை குலுக்கிப் போட்டோ எடுத்தார்கள். அப்பா அந்தப் போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டார். பெரியப்பா கை தட்டினார், சித்தி பூங்கொத்து அனுப்பினாள், அத்தையின் சம்பந்தி மூன்று தடவை வாழ்த்தினார்.

மறுநாள் மத்தியானம் அப்பா போன் செய்தார். டீச்சர் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, நகம் வெட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா சொன்னா, உன்கூட இருந்த அந்த அக்கா ஏதோ கார்டுல ஏமாத்தி மாட்டிக்கிட்டாளாமே?"

அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருந்தது டீச்சர்தான். அக்காவைப் போனிலேயே காணோமே என்று அம்மா துளைத்துத் துளைத்துக் கேட்டபோது, சட்டென்று வாயில் வந்தது அதுதான்.

"ஆமாப்பா."

"பார்த்தா நல்ல பொம்பளை மாதிரி இருந்தாளே. பெத்த புள்ளைய விட்டுட்டு வந்து பண்ற காரியமா இது? நல்லவேளை, நீ அந்தக் கூட்டத்துல சேரல. அவகிட்ட இனிமே பேச்சுவார்த்தை எதுவும் வச்சுக்காதம்மா. போன் பண்ணாகூட எடுக்காத. உன் பேரும் சேர்ந்து கெட்டுப்போகும்."

அக்கா போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அவளிடமிருந்து டீச்சருக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. மேனேஜருக்கு வருகிறது. மகாராணிக்கு வருகிறது. பிஸ்கட் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல் விழுந்த வாயோடு சிரிக்கும் ஒரு சிறுமியின் போட்டோ, ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

"என்னம்மா, கேக்குதா?"

"சரிப்பா" என்றாள் டீச்சர்.

எதிர்க் கட்டிலில் மகாராணி ஸ்வெட்டரோடு படுத்திருந்தாள். வழக்கம் போல அவள் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் டீச்சர் நினைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மகாராணியின் கண்கள் திறந்திருந்தன. டீச்சரைப் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.